சாவியை எடுத்த பிறகும்

மாவு மில்லில் சுவிட்சை அணைத்த பிறகும் கல் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். கம்பு அரைக்க வந்தவர்கள் தூக்குச்சட்டியை மூடி, புருவத்து மாவைத் தட்டிவிட்டுப் புறப்பட்டுவிடுவார்கள். நான் நின்றுகொண்டிருப்பேன். கரண்டு போன பின்னும் உள்ளே எதுவோ போக மனசில்லாமல் ம்ம்ம் என்று இழுக்கும். தணியும், இன்னும் தணியும், கடைசியில் ஒரு செருமலோடு அடங்கும். அது அடங்கும்வரை என் கால் வாசலைத் தாண்டாது. மில்காரருக்குப் பழகிவிட்டது, ஒன்றும் கேட்பதில்லை.

நிறுத்திய பிறகும் ஓடிய ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அது தணியவில்லை. மேலே மேலே ஏறிப்போயிற்று.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். வடக்கனந்தலில் எங்கள் வீடு. கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, கல்வராயன் மலைக்குள் பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் அவர் போவார். ஏறும்போது அரிசி மூட்டை, உர மூட்டை, பிறந்த பிள்ளையோடு திரும்புகிற தாய். இறங்கும்போது கடுக்காய், மரவள்ளி, பருவத்தில் பலாப்பழம். சில நாள் இறந்தவர்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டால் மலைக்காரர்களுக்கு ஜீப்தான் கதி. பெரிய வண்டி திரும்ப இடமில்லாத பாதைகள் அவை. ஜீப் வராவிட்டால் மூங்கிலில் புடவையைத் தொட்டிலாகக் கட்டி, தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிப் போகவேண்டும்.

அந்த ஜீப்புக்கு ஒரே மெக்கானிக். இவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். கள்ளக்குறிச்சியில், எங்கள் ஊர்ப் பக்கம் வருகிற சாலையிலேயே தகரக் கொட்டகை போட்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அவருக்குத் தங்கச்சி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து அவர் வீட்டில் கறி எடுத்தால் எங்களுக்கு ஒரு தூக்கு வரும். அந்தத் தூக்கை நான் காலியாகத் திருப்பியதில்லை. நாலு கத்தரிக்காயோ ஒரு பிடி பொட்டுக்கடலையோ கிடக்கும். கொடுத்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது, வீடு வறண்டுபோகும் என்பார்கள்.

மெக்கானிக் இதே வழக்கத்தை வண்டிகளிடமும் வைத்திருந்தார். பழைய ஜீப்பில் எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்ட ஒரு டப்பா உண்டு. டப்பாவின் அடியில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் எண்ணெய். காற்று அந்த எண்ணெய் மேல் தவழ்ந்து, தூசியை அங்கே இறக்கி வைத்துவிட்டு உள்ளே போகும். மலைப் புழுதி ஜாஸ்தி. எங்கள் ஜீப் கீழே வரும்போது கிண்ணத்தில் எண்ணெய் இருக்காது, சேறு அப்பியிருக்கும். எந்த வேலைக்கு விட்டாலும், வேலை முடிந்ததும், அவர் தன் கேனிலிருந்து அந்தக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றித்தான் தருவார். காசு கேட்கமாட்டார். கிண்ணத்தில் அளவுக்கு ஒரு கோடு இருக்கிறது. மற்ற வண்டிகளுக்குக் கோட்டைப் பார்த்து ஊற்றுவார். எங்களுடையதற்குப் பார்ப்பதில்லை. அது காய்ந்து கிடக்கும் என்பது அவர் கைக்குத் தெரியும்.

ஒருநாள் டீக்கடையில் நாலைந்து டிரைவர்கள் முன்னால் இவரைச் சீண்டினார்.

"இன்னா மச்சான், உன் வண்டி எப்பவும் பட்டினியாவே வருது. வூட்ல தங்கச்சி உலை வெக்கறதில்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். சிரிப்பு முகத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வந்தது. பக்கத்தில் பொட்டலம் கட்டக் காத்திருந்த நான் அதைப் பார்த்தேன், வீட்டுக்குப் போனதும் மறந்துவிட்டேன். இவர் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மாவை ஏற்றிப்போனோம். ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோன மலைக்காரப் பெண்மணி. கூட அவள் புருஷன் மட்டும், மெலிந்த பெரியவர். பிள்ளைகள் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் வேலைக்குப் போயிருந்தார்கள், வந்துகொண்டிருந்தார்கள். வண்டியில் ஒரு பொம்பளை இருந்தால் நல்லது என்று பெரியவர் இவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். இவர் வீட்டுக்கு வந்து, என்னைப் பார்க்காமல், கிளம்பறியா என்றார். கிளம்பினேன்.

பின்பக்கத்து நீளப் பலகையில் அவள் தலைமாட்டில் நான். கால்மாட்டில் பெரியவர். நடுவில், ஆஸ்பத்திரித் துணியில் சுற்றி, பனிக்குப் போர்த்திய மாதிரி அவள். அணை வந்தது. பெரியவர் குனிந்து, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

"டேம் வந்துருச்சு பாரு. தண்ணி கம்மியா கெடக்குது."

என்னிடம் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவுக்கும் அப்படியே. புளியமரத்து வளைவு வந்துருச்சு. வழுக்குப்பாறை வந்துருச்சு, கெட்டியா புடிச்சுக்க. அப்புறம் எனக்கு விளங்கச் சொன்னார். வெளியூரில் போன உயிருக்கு வழி தெரியாதாம். ஒரு வளைவு விடாமல் சொல்லிக்கொண்டே வரவேண்டும். சொல்லாமல் விட்ட இடத்தில் அது நின்றுவிடும். இல்லையென்றால் வீடு வந்ததே தெரியாமல் வண்டியிலேயே உட்கார்ந்துவிடும்.

மேலே போகப் போகப் பனிமூட்டம் இறங்கியது. பகல்தான், ஆனால் கண்ணாடிக்கு வெளியே பால் கொட்டிய மாதிரி வேறெதுவும் இல்லை. எஞ்சின் முக்கி முனகியது. பழைய டீசல் வாசனையோடு அவளிடமிருந்து ஒரு மருந்து வாசனை. ஆஸ்பத்திரியில் எத்தனை இரவு கண் விழித்தாரோ, பெரியவர் தலை மெல்லத் தொங்கி, தூங்கிவிட்டார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வளைவு. எழுப்பலாமா என்று பார்ப்பதற்குள் பாதி திரும்பியாகிவிட்டது. நான் அவள் காதிருக்கும் இடத்தை அனுமானித்துக் குனிந்தேன்.

"இங்க ஒரு வளைவு வருதும்மா. எனக்குப் பேர் தெரியல."

துணிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ம்ம். கதை கேட்கிறவர்கள் கொட்டுகிற உம் மாதிரி. பலகையின் ஸ்பிரிங்காக இருக்கலாம். அசைத்தால் உள்ளே தங்கிய காற்று வெளியேறும் என்றும் பின்னால் படித்தேன். அப்போது எனக்கு இதில் எதுவும் தோன்றவில்லை. அவளுக்குக் கேட்டுவிட்டது என்றுதான் தோன்றியது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வளைவில் பெரியவர் விழித்தார். வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார், விட்ட இடத்திலிருந்து தொடர்வது போலச் சொல்லத் தொடங்கினார். ஒரு வளைவு விடுபட்டது அவருக்குத் தெரியாமல் போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஏற்றத்தில்தான் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. சில நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில், இவர் ஜீப்பைக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்தார். நைனார்பாளையத்தில் என் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போகவேண்டியிருந்ததால், சாயங்காலம் வண்டி எடுக்க நானும் கூடப் போனேன். வெயில் இன்னும் தகரத்தில் சுள்ளென்றிருந்தது. வேலை முடிந்துவிட்டது. பின்சக்கரங்கள் மட்டும் இன்னும் கட்டை மேல் இருந்தன. மெக்கானிக் எண்ணெய்க் கேனை மூடி ஓரமாக வைத்துவிட்டு, சாவியை இவரிடம் நீட்டினார். ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுப்பாரு மச்சான், பூனைக்குட்டி மாதிரி இருக்கும் என்றார்.

இவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பூனைக்குட்டிதான். மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரித்தார். இவர் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்துவிட்டுக் காலை எடுத்தார்.

சத்தம் இறங்கவில்லை.

முதலில் ம்ம் என்றது. அந்த உம். எனக்கு மட்டும் தெரிந்த உம். பிறகு அது நீண்டு, மேலே ஏறியது. இவர் சாவியைத் திருப்பி எடுத்தார். கையில் சாவி, எஞ்சின் ஓடுகிறது. சாவியை எங்களுக்குத் தூக்கிக் காட்டினார், நான் செய்யவில்லை என்பது போல. மெக்கானிக் பாய்ந்து டீசல் குழாயையே பிடுங்கிப் போட்டார். குழாயிலிருந்து டீசல் தரையில் ஒழுகியது. ஜீப் ஒரு சொட்டு டீசல் இல்லாமல் கத்தியது. எதைக் குடித்து ஓடுகிறது? பின்னாலிருந்து வெள்ளைப் புகை, கொட்டகையை நிறைத்து, மலையில் பார்த்த அதே பால். அந்தப் புகைக்குள் இவர் எங்கே என்று தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடாத நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எனக்கே கேட்கவில்லை. மெக்கானிக் ஒரு சாக்கை மடித்து, எஞ்சினின் மூச்சுக் குழாயை அடைக்கக் கொண்டுபோனார். சாக்கைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. யாரோ வாயால் இழுத்த மாதிரி.

பிறகு உள்ளே ஏதோ முறிந்தது. எஞ்சினின் அடிவயிறு பிளந்து ஒரு இரும்புக் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அமைதி. கருப்பு எண்ணெய் சொட்டுகிற சத்தம் மட்டும். புகை கலைந்தபோது இவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார், சாவியை இன்னும் உயர்த்திப் பிடித்தபடி.

அந்தச் சாவிதான் சண்டையாயிற்று. சாலையில் போனவர்கள் கூடிவிட்டார்கள், டீக்கடை டிரைவர்கள் உட்பட. வண்டி என் கூரைக்கு அடியில் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன், சாவி யார் கையில் இருந்தது, மிதித்தது யார் கால் என்று கேட்டார் மெக்கானிக். இவர், சாவியை எடுத்த பிறகுதானே ஓடியது என்றார். நீ கட்டையிலிருந்துகூட இறக்கவில்லை, இறக்கி வாசலைத் தாண்டினால்தானே என் வண்டி என்றார். அந்த எஞ்சின் வயசுக்கு அது எந்த மேட்டில் வேண்டுமானாலும் போயிருக்கும், என் கொட்டகையில் போனது என் தலையெழுத்து என்றார் மெக்கானிக். சொல்லக்கூடாததை இவர் அப்போதுதான் சொன்னார்.

"உயிரோட விட்டேன்டா. பொணமாத் திருப்பித் தர."

பொணம் என்ற சொல் விழுந்ததும் கூட்டம் மெல்லப் பின்வாங்கியது. ஒரு டிரைவர், அன்றைக்கு மலைக்கு ஏற்றிப்போனது இந்த வண்டிதானே என்று கேட்டார். சாவி இல்லாமல், டீசல் இல்லாமல் ஓடிய வண்டியை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஏறியவள் இறங்கவில்லை.

நண்பர்கள் இரண்டு பேரும் அதை மறுக்கவில்லை. அதைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அவள் செய்தாள் என்றால் இவரும் செய்யவில்லை, அவரும் செய்யவில்லை. இரண்டு பேருக்கும் அது நிழல் மாதிரி இருந்தது, ஒதுங்கி நின்றார்கள். ஜீப் கொட்டகையில் அப்படியே கிடந்தது. யார் பொறுப்பு என்று தெரியாமல் கை வைக்கமாட்டேன் என்று மெக்கானிக் தார்ப்பாயைப் போட்டு மூடினார். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கு வரவில்லை. இவர் வாசலில் உட்கார்ந்து, எந்த ஜீப் சத்தம் கேட்டாலும் நிமிர்ந்து பார்ப்பார்.

ஆனால் அந்த நிழல் வேறு எங்கோ போய் விழுந்தது. ஸ்டாண்டில் டிரைவர்கள், இனிமேல் மலைக்குப் பொணம் ஏற்றுவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டார்கள். அந்த வாரமே மலைக்காரக் குடும்பம் ஒன்று, ஆஸ்பத்திரி வாசலில் தகப்பனைக் கிடத்திக்கொண்டு, ஜீப் ஜீப்பாகக் கெஞ்சியிருக்கிறது. ஒவ்வொருவரும் வண்டி ரிப்பேர் என்றார்கள். கடைசியில் யாரோ லோடு ஆட்டோவில் அடிவாரம் வரை கொண்டுபோய்விட, அங்கிருந்து புடவையில் கட்டித் தூக்கிப் போனார்களாம். இதை இவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் கையைக் கழுவினார்.

வண்டிச் சேதி மலைக்கும் எட்டி, பெரியவர் வந்தது அதற்குப் பிறகு. பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் துண்டு, கையில் கொஞ்சம் சாமை கட்டிய பை. உட்காரமாட்டேன் என்றார். வண்டியைப் பார்க்கவேண்டும், வண்டிக்காரரையும் மெக்கானிக்கையும் சேர்த்து வைத்து ஒன்று சொல்லவேண்டும் என்றார். இவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். மூன்று பேரும் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் போனோம்.

கொட்டகையில் மெக்கானிக் இருந்தார். இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனரைத் துடைத்தார். எதிர் டீக்கடையிலிருந்து டிரைவர்கள் எழுந்து வந்து வாசலில் நின்றார்கள். பெரியவர் தார்ப்பாயின் மேல் கையை வைத்தார். மாட்டைத் தடவுவது போல ஒருமுறை தடவினார்.

"இது எங்க வூட்டுக்காரி மேல தப்பில்லீங்க. அவ யாருக்கும் கெடுதி நெனைக்காதவ. நாந்தான் கண்ணசந்துட்டேன். ஒரு வளைவு சொல்லாம போச்சு. அத்தனால எறங்கத் தெரியாம இதுலயே உக்காந்துட்டா. தப்பு என்னுது. என்ன இன்னா வேணா பண்ணுங்க, எங்க மலை ஆளுங்க செத்தா வண்டியில ஏத்த மாட்டோம்னு மட்டும் சொல்லாதீங்க."

தகரத்தில் காக்கை ஒன்று தத்தித் தத்தி நடந்தது. எத்தனை நாளாக இரண்டு பேர் தள்ளித் தள்ளி விட்டதை, மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர் எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். இவரால் தாங்க முடியவில்லை. தப்பெல்லாம் உங்களுடையது இல்லை பெரியவரே என்று தொடங்கி, தடுமாறி, மெக்கானிக்கைப் பார்க்காமல், தன் பக்க நியாயத்தைத் திரும்பவும் ஆரம்பித்தார்.

"நா வண்டிய ஒரு கொறையும் இல்லாமத்தான் குடுத்தேன். பட்டினின்னு பேர் வரக்கூடாதுன்னு காலைலயே கிண்ணத்தக் கழுவி, எண்ணெ கூட ரொப்பித்தான் விட்டேன்."

ஸ்பேனர் துடைத்த கை நின்றது.

"இன்னா ஊத்துன?"

"எண்ணெ. காத்து டப்பாவுல. நீதான் அன்னிக்கு ஊரக் கூட்டி நக்கல் பண்ணியே."

மெக்கானிக் கீழே உட்கார்ந்துவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நானும் ஊத்தினேன் மச்சான். அப்படிப் பேசிட்டமேன்னு கொஞ்சம் ஜாஸ்தியாவே ஊத்தினேன்."

எஞ்சின் எதைக் குடித்து ஓடியது என்பது இப்போது தெரிந்தது. கோட்டுக்கு மேல் ரொம்பிய எண்ணெயைக் காற்றோடு காற்றாக உள்ளே இழுத்து, அதையே எரித்து, எரித்த வேகத்தில் இன்னும் இழுத்திருக்கிறது. சாவியோ டீசல் குழாயோ அதை நிறுத்தியிருக்காது. மெக்கானிக் எழுந்து தார்ப்பாயை விலக்கி, மூச்சுக் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் எண்ணெயில் மின்னியது. அதை முதலில் இவரிடம் காட்டினார், பிறகு வாசலில் நின்றவர்களிடம், கடைசியாகப் பெரியவரிடம்.

"ஊட்டி ஊட்டியே கொன்னுட்டீங்களேடா ரெண்டு பேரும்" என்றார் கூட்டத்தில் ஒரு டிரைவர். சிரிப்பதா என்று தெரியாமல் சிலர் சிரித்தார்கள். இவருக்கும் மெக்கானிக்குக்கும் கண் கலங்கியிருந்தது. பாதி உன்னுடையது பாதி என்னுடையது, எந்தப் பாதி எது என்று ஆண்டவருக்குத்தான் தெரியும், நாளைக்கே எஞ்சினை இறக்குகிறேன், நீயும் வந்து கூட நில் என்றார் மெக்கானிக். இவர் தலையாட்டினார். பிறகு டிரைவர்கள் பக்கம் திரும்பி, கேட்டுக்கொண்டீர்கள் இல்லையா, ஸ்டாண்டில் போய் இதையும் சொல்லுங்கள் என்றார். ஊட்டியே கொன்னீங்க என்று சொன்ன டிரைவரே, மலைக்கு ஒரு லோடு இருக்கிறது, பெரியவரை நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அவர் ஜீப்பில் மலைக்காரர் ஏறுவதே பெரியவர் கேட்டதற்குப் பதிலாக இருந்தது.

பெரியவர் முகம் மட்டும் தெளியவில்லை. விரலில் மின்னிய எண்ணெயைப் பார்த்தார், மண்டையை ஆட்டினார், நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எண்ணெய் எண்ணெய்தான். வளைவு வளைவுதான். வண்டி எதனால் செத்தது என்பது தெரிந்துவிட்டது. அவள் எங்கே இருக்கிறாள் என்பதற்கு அதில் பதில் இல்லை. சாமைப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, டிரைவர் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மலை இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பையைக் காலி செய்து, அதில் என்ன போட்டுத் தருவது என்று பார்த்தேன். கையில் ஒன்றும் இல்லை. எஞ்சின் கிளம்பியது. நான் ஜன்னலோரம் போய் நின்றேன். கேட்கவேண்டியதில்லை, சொல்லவேண்டியதில்லை என்று இத்தனை நாள் வைத்திருந்ததைச் சொன்னேன். நீங்கள் கண்ணசந்த இடத்தில் ஒரு வளைவு வந்தது. பேர் தெரியாது. பனிமூட்டம். நான் குனிந்து அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பெரியவர் திரும்பினார். டிரைவரின் கையைப் பிடித்து, கொஞ்சம் பொறு என்பது போல அழுத்தினார். குரலை இறக்கி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நீங்க சொன்னதுக்கு அவ உம் கொட்டுனாளாம்மா?"

"கொட்டுனாங்க பெரீவரே. ஒரே ஒரு தரம்."